நெல் நனையும்போது மனதுக்குள் நடப்பது

அறுத்த குறுவை நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் குவித்துவிட்டு, ஐப்பசி வானத்தைப் பார்த்தபடி காத்திருப்பது டெல்டா விவசாயிக்குப் பழகிப்போன வேதனை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்கக் கூடாது என்பது விதி. தூறல் விழுந்தாலே வயிற்றைப் பிசையும். "மனசத் தளர விடாதப்பா" என்பார் பக்கத்தில் இருப்பவர். எப்படி என்றுதான் யாரும் சொல்வதில்லை.

உணர்ச்சி எப்படி எழுகிறது, அதை எங்கே கையாளலாம் என்பதற்கு அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1998-ல் ஒரு வரைபடம் தந்தார். முதலில் ஒரு சூழல், பிறகு அதில் நம் கவனம் போகும் இடம், அதற்கு நாம் கொடுக்கும் அர்த்தம், கடைசியில் உடலும் முகமும் காட்டும் எதிர்வினை. இதில் எந்த இடத்திலும் நாம் கைவைக்கலாம். தலைமதகிலேயே தண்ணீரைத் திருப்புவதற்கும், வயல் மூழ்கிய பிறகு வடியவைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேயும் உண்டு.

நம் ஊரில், அதுவும் ஆண்களிடம், கடைசி இடத்தில் கைவைப்பதுதான் வழக்கம்: அழாதே, காட்டிக்கொள்ளாதே. கிராஸும் ராபர்ட் லெவன்சனும் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், அருவருப்பூட்டும் படத்தைப் பார்த்தவர்களில் ஒரு பகுதியினரிடம் முகத்தில் எதையும் காட்ட வேண்டாம் என்றார்கள். முகம் அடங்கியது. ஆனால் உள்ளே அருவருப்பு குறையவில்லை. உடலின் பதற்ற அறிகுறிகள் சில கூடவே செய்தன. இப்படி அடக்கும்போது, அந்த நேரத்தில் கேட்டதும் பார்த்ததும் சரியாக நினைவில் நிற்பதில்லை என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. கல் மாதிரி உட்கார்ந்திருக்கும் பெரியவரை 'தைரியசாலி' என்று விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அர்த்தத்தை மாற்றுவதற்கு இந்த அளவு விலை இல்லை. "குறுவையைக் கெடுக்கிற இதே மழைதான் சம்பாவுக்கு உயிர்" என்று ஒருவர் நினைத்துக்கொள்வது ஏமாற்று வேலை அல்ல, உண்மையின் இன்னொரு பக்கம்.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. உளவியலாளர் அலிசன் ட்ராயும் சகாக்களும் 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, கையை மீறிய நெருக்கடியில் இப்படி அர்த்தத்தை மாற்றிப் பார்க்கும் திறமை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு குறைவு. மாற்றக்கூடிய நெருக்கடியிலோ அதே திறமை உள்ளவர்களிடம் மனச்சோர்வு அதிகம். மழை கையை மீறியது. சாக்குத் தட்டுப்பாடும் லாரி வராததும் அப்படியல்ல. அங்கே மனதைத் தேற்றிக்கொண்டால் நெல்தான் முளைக்கும். பத்துப் பேர் சேர்ந்து அதிகாரி முன்னால் போய் நிற்பதும் உணர்ச்சியைக் கையாளும் முறைதான். கிராஸின் வரிசையில் அது தொடக்கத்திலேயே வருகிறது: சூழலை மாற்றுவது.