விமானத்தின் வயசைக் கேட்காதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. காங்கோவுக்கு டவர் வேலைக்குப் போகிற ஊர்க்காரத் தம்பி ஒருவன் டிக்கெட்டைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பி, "அண்ணே, லுபும்பாஷி போற பிளேன் முப்பது வருஷப் பழசாம், ஏறலாமா?" என்று கேட்கிறான். போன வாரம் கேட்டவரும் இதையேதான் கேட்டார். விமானத்தின் பதிவெண்ணைப் பிடித்து அது எந்த வருஷம் கட்டியது என்று தோண்டி எடுக்கத் தெரிகிறது, அதை ஓட்டுகிற கம்பெனி எப்படிப்பட்டது என்று ஒரு வரி தேடத் தோன்றுவதில்லை.

நான் லோட் கன்ட்ரோலில் இருப்பவன். எத்தனை பேர், எத்தனை கிலோ, எந்தச் சரக்கறையில் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, லோட் ஷீட்டைக் கேப்டன் கையில் கொடுப்பது என் வேலை. சில வருஷம் மேற்கு ஆப்பிரிக்காவிலும் இருந்தேன்.

விமானத்துக்கு வயதாவது டவுன் பஸ்ஸுக்கு வயதாவது மாதிரி இல்லை. எத்தனை தடவை தரையிறங்கியது, எத்தனை மணி நேரம் பறந்தது என்று எண்ணி எண்ணிப் பாகங்களை மாற்றுவார்கள்; பெரிய பரிசோதனைக்குப் போனால் சீட்டு, தரை எல்லாம் கழற்றிப் பார்ப்பார்கள். அமெரிக்காவில் டெல்டா நிறுவனம் டிசி-9 விமானங்களை 2014 வரை ஓட்டியது, கடைசியில் அவற்றுக்கு 35 வயதுக்கு மேல். அதே குடும்பத்து எம்டி-88ஐ 2020 வரை ஓட்டியது. யாரும் டிக்கெட்டைப் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்பவில்லை. ஆனால் 2012 ஜூன் 3 அன்று நைஜீரியாவின் லாகோஸில் விழுந்த டானா ஏர் கம்பெனியின் எம்டி-83க்கு, அதுவும் அதே குடும்பம்தான், வயது 22தான். விமானத்தில் இருந்த 153 பேரும் போனார்கள், கீழே குடியிருப்பில் இருந்தவர்களும் சிலர். எஞ்சினைக் கழற்றிப் பழுது பார்த்த இடத்தில் எஞ்சினின் எரிபொருள் குழாயைத் தப்பாகப் பூட்டியிருந்தார்கள். ஒரு எஞ்சின் சொன்ன பேச்சைக் கேட்காமல் போன பிறகும் பக்கத்தில் இறங்காமல் லாகோஸ் வரை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். இதில் வயசு எங்கே வருகிறது?

பழைய ஜெட் மலிவு, அதனால்தான் கையில் காசில்லாத கம்பெனிக்கு அது போய்ச் சேருகிறது. உதிரிபாகம் மலிவில்லை. சிக்கல் அங்கே.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு மறக்காத நாள் 2003 டிசம்பர் 25. பெனின் நாட்டுக் கோட்டோனூ விமான நிலையம், யூடிஏ என்கிற சின்ன கினியா கம்பெனி, 1977இல் கட்டிய போயிங் 727. பெய்ரூட்டுக்குப் போகும் லெபனான்காரர்கள், ஐ.நா. படையில் பணி முடித்துத் திரும்பும் வங்கதேச வீரர்கள். 2,400 மீட்டர் ஓடுபாதை தீர்ந்தும் விமானம் சரியாக எழும்பவில்லை. பாதைக்கு அப்பால் இருந்த கருவிக் கட்டடத்தில் மோதிக் கடற்கரையில் விழுந்தது. 141 பேர் இறந்தார்கள். விசாரணையில் தெரிந்தது இதுதான்: அளவுக்கு மேல் பாரம், அதிலும் முன்பாரம், அதாவது மூக்குப் பக்கம் எடை கூடுதல், எவ்வளவு என்று ஓட்டியவர்களுக்கே தெரியாது. மாட்டு வண்டி ஓட்டியவருக்கு முன்பாரம் என்றால் விளக்க வேண்டாம்.

இதை நானே பார்த்திருக்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். ஒருநாள் படிக்கட்டுக்குக் கீழே ஸ்பிரிங் தராசைப் பிடித்துக்கொண்டு நின்று வரிசையாகப் பத்துக் கைப்பைகளைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுகூட 12 கிலோவுக்குக் குறையவில்லை. ஒருவர் தோள்பையில் லாரி ஆல்டர்னேட்டர்! நான் காகிதத்தில் போட்டிருந்தது தலைக்கு 84 கிலோ, கைப்பையும் சேர்த்து. 140 பேர் ஆளுக்குப் பத்து கிலோ ஒளித்துக்கொண்டு வந்தால் 1,400 கிலோ கணக்கில் வராமலே ஏறிவிடுகிறது. நிலைய மேலாளர், "விடுங்க, கேப்டன் பாத்துக்குவார்" என்றார். கேப்டன் பார்ப்பது நான் கொடுக்கிற காகிதத்தைத்தான் சார்.

சரி, போகிறவர்கள் செய்ய வேண்டியது. டிக்கெட்டில் உண்மையில் ஓட்டுவது யார் என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் படியுங்கள். விற்கிறவன் ஒருத்தன், பறக்கிறவன் இன்னொருத்தனாக இருப்பான். ஐரோப்பிய ஒன்றியம் தன் வானில் அனுமதிக்காத கம்பெனிகளின் பட்டியலை 2006 முதல் வெளியிடுகிறது, காசு கேட்பதில்லை, இரண்டு நிமிஷ வேலை. லுபும்பாஷி இருக்கிற காங்கோ ஜனநாயகக் குடியரசில் உரிமம் பெற்ற கம்பெனிகள் மொத்தமும் அதில் இருக்கின்றன. அதற்காக ஆப்பிரிக்கா என்றாலே பயம் என்று கிளம்பாதீர்கள், எத்தியோப்பியன் ஏர்லைன்ஸும் ஆப்பிரிக்காதான். டிக்கெட் போடுவது உங்கள் முதலாளி என்றால் எந்தக் கம்பெனி விமானம் என்று வாய் திறந்து கேளுங்கள், கேட்டால் வேலை போய்விடாது. அப்புறம் கையெடுத்துக் கும்பிடுகிறேன், விமானம் ஏறுகிற கேட்டில் பையைத் தராசில் வைக்கச் சொன்னால் அங்கே நிற்கிற பெண்ணோடு சண்டைக்கு நிற்காதீர்கள்.

தம்பிக்கு எத்தியோப்பியன் ஏர்லைன்ஸில் அடிஸ் அபாபா வழியாக மாற்றிக்கொள்ளச் சொல்லி எழுதினேன். சாயங்காலம் பதில் வந்தது: எட்டாயிரம் ரூபாய் கூடுதலாகுதாம், ஏஜென்ட்டிடம் பேசிவிட்டுச் சொல்கிறானாம்.