தகல்லுஸ்: சொல் விளக்கம்

அசர்பைஜான் கவிஞர் சமத் வுர்குனின் பெயரில் பின்பாதி அவருடைய 'தகல்லுஸ்'. இதைத் தமிழில் 'புனைபெயர்' என்று எழுதிவிட்டு நகர்வதே வழக்கம். அது தவறன்று, ஆயினும் சொல்லின் பொருளில் பாதிதான் அதில் வந்து சேர்கிறது.

இது அரபுச் சொல். 'விடுபடுதல்' என்பது அதன் வேர்ப்பொருள். கசீதா என்னும் நெடும்பாட்டில், காதலும் பயணமுமாக அமையும் தொடக்கத்திலிருந்து விடுபட்டுப் புலவர் புகழ்ச்சிப் பகுதிக்குள் நுழையும் திருப்பத்தை அரபுப் பாவியலார் இச்சொல்லால் குறித்தனர். பாரசீகத்தில் அது புலவர் தம் பாட்டில் வைத்துப் பாடும் பெயருக்கு ஆகிவந்தது. உருதுக் கவிஞர் அசதுல்லா கானின் 'காலிப்' அத்தகையதே.

வுர்குன் 1906-இல் அசர்பைஜானின் கசாக் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். குடும்பப் பெயர் வெக்கிலோவ். 'வுர்' என்னும் துருக்கிய வினையடிக்கு 'அடி' என்று பொருள். அதிலிருந்து பிறந்த 'வுர்குன்' அடிபட்டவரை, அதாவது காதலால் மனத்தைப் பறிகொடுத்தவரைச் சுட்டும். அவருக்கு 1941-இல் ஸ்டாலின் பரிசைப் பெற்றுத் தந்த 'வாகிஃப்' நாடகத்தின் தலைப்பும் ஒரு தகல்லுஸ்தான் என்பது சுவையான செய்தி: 18-ஆம் நூற்றாண்டில் கராபாக்கை ஆண்ட கானின் அமைச்சராக இருந்த முல்லா பனா என்னும் கவிஞர், 'அறிந்தவர்' எனப் பொருள்படும் அப்பெயரில் பாடினார்.

மலைகளை விளித்து வுர்குன் பாடிய எட்டசைப் பாட்டின் இறுதிக் கண்ணியில், தாம் இவ்வுலகில் ஒரு விருந்தாளி என்றும், ஒருநாள் தம் வாழ்வு காற்றோடு போகும் என்றும், வாக்குத் தவறாத மலைகள் அன்று வுர்குனையும் நினைத்துக்கொள்ளும் என்றும் வருகிறது. அப்பெயரை எடுத்துவிட்டால் கண்ணியே குலைந்துபோகும். சாஸ் என்னும் நரம்பிசைக் கருவியை மீட்டிப் பாடும் அசர்பைஜான் பாணர்களான ஆஷிக்குகளின் மரபில், இப்படிப் பெயர் வரும் கடைசிக் கண்ணிக்கு 'மொஹுர்பந்த்' என்று பெயர். மொஹுர் என்றால் முத்திரை.

புனைபெயர் என்னும் சொல்லில் இயற்பெயரை மறைத்தல் என்ற சாயல் உண்டு. தகல்லுஸோ பாட்டு இன்னாருடையது என்று வெளிப்படச் சொல்வது. தமிழில் இதற்கு நிகரான சொல்லைத் தேவாரத்தில் தேடினால் 'திருக்கடைக்காப்பு' கிடைக்கிறது. ஆனால் சம்பந்தர் பதிகத்தின் இறுதிப் பாட்டில் தம் பெயரோடு ஓதுவோர் பெறும் பயனையும் சொல்வதால், வுர்குனின் கண்ணிக்கு அச்சொல் பொருந்தாது. தியாகராசர் தம் பெயரையும் முத்துசுவாமி தீட்சிதர் 'குருகுக' என்பதையும் கீர்த்தனைகளில் வைத்ததை இசைவாணர் 'முத்திரை' என்கின்றனர். கவிஞரின் பெயர் பாட்டுக்குள் வருமிடத்தில் 'முத்திரைப் பெயர்' என்பதே சரியான ஆக்கம். கட்டற்ற கவிதையில் பெயர்பெற்ற அசர்பைஜான் கவிஞர் ரசூல் ரசா, ரசாயேவ் என்னும் குடும்பப் பெயரைச் சுருக்கி வைத்துக்கொண்டவர். அவரைப் போன்றோருக்குப் புனைபெயர் என்றாலே போதும்.