ஆய்வு: பாலத்தைப் பார்ப்பதும் ஆய்வதும்

அமெரிக்க நெடுஞ்சாலைப் பாலங்களுக்கான அரசு விதிகளைத் தமிழில் சொல்ல உட்கார்ந்தால், முதல் வரியிலேயே தடுக்கிவிடும் சொல் ‘இன்ஸ்பெக்ஷன்’. சொல் இல்லாததால் அல்ல, நிறைய இருப்பதால்தான் சிக்கல். சோதனை, பரிசோதனை, பார்வையிடல், கண்காணிப்பு, தணிக்கை, ஆய்வு என்று ஆளுக்கொன்று எழுதுகிறோம்.

‘இன்ஸ்பெக்ஷன்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘இன்’ என்றால் உள்ளே, ‘ஸ்பெக்கெரே’ என்றால் பார்ப்பது. மூக்குக்கண்ணாடியை ‘ஸ்பெக்ஸ்’ என்கிறோமே, அதே வேர்தான். ‘சஸ்பெக்ட்’டும் அந்தக் குடும்பம். ஆக, மூலப் பொருள் ‘உற்றுப் பார்த்தல்’. கண் செய்யும் வேலை.

பாலத்துக்குக் கண் மட்டும் போதாது என்பதை அந்த நாடு பெரிய விலை கொடுத்துத்தான் தெரிந்துகொண்டது. மேற்கு வர்ஜீனியாவையும் ஒஹையோவையும் இணைத்த சில்வர் பிரிட்ஜ் 1928இல் திறக்கப்பட்டது. கம்பிவடத்துக்குப் பதிலாக, நுனியில் துளையுள்ள எஃகுப் பட்டைகளைச் சங்கிலிபோல் ஊசி கோத்துத் தொங்கவிட்ட பாலம் அது. ஒரு கண்ணிக்கு இரண்டே பட்டைகள். 1967 டிசம்பர் 15 மாலை, கிறிஸ்துமஸ் நெரிசலில் வண்டிகள் நின்றுகொண்டிருந்தபோது ஒரு பட்டை முறிந்தது. முழுப் பாலமும் ஒஹையோ ஆற்றில் விழுந்தது. 46 பேர் இறந்தார்கள். பட்டையின் துளை ஓரத்தில் இருந்த விரிசலின் ஆழம் சுமார் 2.5 மில்லிமீட்டர். அது மூட்டுக்குள் ஒளிந்திருந்தது. மூட்டைப் பிரித்தால் ஒழிய, அன்று இருந்த எந்த முறையிலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

அடுத்த ஆண்டே, 1968இல், பாலங்களுக்கு நாடு தழுவிய நெறிமுறை வேண்டும் என்று சட்டம் வந்தது. 1971இல் அது நடைமுறையானது. 20 அடிக்கு மேல் நீளமுள்ள, பொதுச் சாலையில் இருக்கும் ஒவ்வொரு பாலத்தையும் பொதுவாக 24 மாதங்களுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். நீருக்கு அடியில் இருக்கும் பகுதிகளுக்கு 60 மாதம். 0 முதல் 9 வரை மதிப்பெண் உண்டு. 7உம் அதற்கு மேலும் நன்று, 5உம் 6உம் சுமார், 4உம் அதற்குக் கீழும் மோசம். முக்கியப் பகுதி ஒன்று 3க்கு இறங்கிவிட்டால் 12 மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டும்.

சரி, இந்த வேலைக்குத் தமிழில் எந்தச் சொல்?

‘பார்வையிடல்’ வேண்டவே வேண்டாம். அமைச்சர்கள் வெள்ளச் சேதத்தைப் பார்வையிடுவார்கள். அதில் யாரும் சுத்தியல் கொண்டுபோவதில்லை. ‘சோதனை’ வடமொழிச் ‘சோதனா’விலிருந்து வந்தது. அதன் அடிப்பொருள் தூய்மைப்படுத்தல். இன்று செய்தித்தாளில் ‘வீட்டில் சோதனை’ என்றால் ரெய்டு, பேச்சில் ‘என்ன சோதனைடா’ என்றால் துன்பம். ‘பரிசோதனை’ ரத்தத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் பழகிப்போனது. ‘தணிக்கை’ கணக்குக்கும் சினிமாவுக்கும். ‘கண்காணிப்பு’ தொடர்ந்து நடப்பது, பாலத்தில் கருவி பொருத்தி அசைவை அளந்துகொண்டே இருந்தால் அதற்குப் பொருந்தும்.

மிஞ்சுவது ‘ஆய்வு’. மிஞ்சியதால் எடுத்துக்கொள்ளவில்லை, இதுதான் மிகச் சரியானது என்பேன். ‘ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்’ என்கிறது தொல்காப்பிய உரியியல். இருக்கும் ஒன்று மேலும் நுண்ணியதாவதே ஆய்தல். அந்த வினை இன்னும் வீட்டில் உயிரோடு இருக்கிறது. கீரையை ‘ஆய்கிறோம்’. கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தண்டாக எடுத்து, இலையைத் திருப்பி, பூச்சி அரித்ததையும் பழுத்ததையும் கிள்ளி எறிகிறோம். தூரத்தில் நின்று கீரை ஆய முடியுமா? கண்ணும் கையும் சேர்ந்தால்தான் அது ஆய்தல்.

பாலத்திலும் அதுதான் நடக்கிறது. கான்கிரீட்டைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். ஓரிடத்தில் ஒலி திடீரென்று மந்தமாகிவிடும். மேலே பூச்சு வழவழவென்று இருந்தாலும் உள்ளே கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் ஏடு ஏடாகப் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு அளப்பார்கள். எஃகில் பெயின்ட் மேல் முடிபோல் ஒரு துருக்கோடு தெரிந்தால், கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, உருப்பெருக்கியால் பார்ப்பார்கள். அது கீறலா, விரிசலா?

இதற்கு அமெரிக்க விதியில் தனிப் பெயரே உண்டு: ‘ஹேண்ட்ஸ் ஆன்’. கை நீட்டினால் தொடும் தூரத்திலிருந்து செய்வது என்று வரையறை. ஒன்று முறிந்தால் பாலமே விழக்கூடிய இழுவிசை உறுப்புகளை இப்படித்தான் பார்த்தாக வேண்டும். இதை ‘நேரடி ஆய்வு’ என்று பெயர்ப்பது தவறு, நேரில் போனாலே நேரடிதானே. ‘கையெட்டு ஆய்வு’ என்கிறேன் நான்.

மெம்பிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மேலுள்ள ஹெர்னாண்டோ டி சோட்டோ பாலத்தில் 2021 மே 11 அன்று ஒரு முக்கிய எஃகு உத்தரம் கிட்டத்தட்ட அறுந்து நிற்பதை ஆய்வாளர்கள் கண்டு, அவசர எண்ணுக்குப் போன் செய்து போக்குவரத்தை நிறுத்தச் சொன்னார்கள். அப்புறம் தேடிப் பார்த்தால், 2019இல் எடுத்த ட்ரோன் காணொளியிலேயே அந்த விரிசல் பதிவாகியிருந்தது. கேமரா பார்த்திருக்கிறது. யாரும் ஆயவில்லை.

‘ரிப்போர்ட்’ லத்தீனில் ‘திருப்பிச் சுமந்து வருவது’. தமிழில் ‘அறிக்கை’, அறியச் செய்வது. மாற்றத் தேவையில்லை. சுமந்து வந்தால் மட்டும் போதாது என்பதற்கு பிட்ஸ்பர்க்கின் ஃபெர்ன் ஹாலோ பாலம் சாட்சி. வடிகால் அடைத்து, தண்ணீர் தேங்கி, எஃகுக் கால்கள் அரித்துப்போனது அறிக்கைகளில் ஆண்டுதோறும் எழுதப்பட்டது. சொன்ன வேலைகள் நடக்கவில்லை. 2022 ஜனவரி 28 காலையில் பாலம் ஒரு பேருந்தோடு விழுந்தது. உயிரிழப்பு இல்லாதது அதிர்ஷ்டம்தான்.

அறிக்கையில் வரும் ‘கிரிட்டிகல் ஃபைண்டிங்’, அதாவது உடனே நடவடிக்கை எடுக்க வேண்டிய ஆபத்தான குறை, அது மட்டும் உண்மையிலேயே பாடுபடுத்துகிறது. ‘முக்கியக் கண்டுபிடிப்பு’ என்றால் ஏதோ புது மருந்து கண்டுபிடித்ததுபோல் இருக்கிறது. ‘அபாயக் குறை’ என்று எழுதலாம். 2022இல் திருத்திய விதிப்படி, தேசிய நெடுஞ்சாலை வலைப்பின்னலில் ஒரு பாலத்தை முழுதாகவோ பாதியாகவோ மூட வைக்கும் அபாயக் குறை என்றால், 24 மணி நேரத்துக்குள் கூட்டரசின் நெடுஞ்சாலை நிர்வாகத்துக்குத் தகவல் போக வேண்டும்.

‘பால ஆய்வாளர்’ என்றதும் சிலருக்குக் காவல் நிலையம் ஞாபகம் வரலாம். முன்னால் ‘பால’ இருக்கும்வரை குழப்பமில்லை. ‘உத்தரத்தைக் கையெட்டு ஆய்வு செய்தோம், இரண்டாவது மூட்டில் அபாயக் குறை, பாலத்தை மூடிவிட்டோம், இன்றே அறிக்கை அனுப்புகிறோம்’ என்று ஒருவர் எழுதினால் எந்தச் சொல்லுக்கும் அகராதி தேட வேண்டியதில்லை.