அடிக்‌ஷன்: அடிமையா, பழக்கமா, நோயா?

அடிக்‌ஷன் என்றால் தமிழில் ‘அடிமைத்தனம்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். ‘போதைக்கு அடிமையானவர்’ என்பது செய்தித்தாள் வழக்கு. இரண்டுமே ‘அடி’ என்று தொடங்குவதால் ஏதோ உறவு இருப்பதுபோல் தோன்றும். வேரளவில் ஓர் உறவும் கிடையாது. பொருளளவில் பார்த்தால் இந்த மொழிபெயர்ப்பு மூலத்துக்கு மிக நெருக்கம். மருத்துவமனையில் அதனால்தான் தொல்லை வருகிறது.

வேர் இலத்தீன். ‘அத்’ என்றால் ஒன்றை நோக்கி. ‘தீக்கெரே’ என்றால் சொல்லுதல். இரண்டும் சேர்ந்தால், இவன் இன்னாருக்கு உரியவன் என்று சொல்லி ஒப்படைப்பது. உரோமில் இது வழக்குமன்றச் சொல். பொ.ஆ.மு. 450 வாக்கில் எழுதப்பட்ட பன்னிரு பலகைச் சட்டப்படி, கடன் வழக்கில் தோற்றவனுக்கு 30 நாள் தவணை. அதற்குள் கட்டவில்லையென்றால் கடன் கொடுத்தவன் அவனை இழுத்துப்போய் 60 நாள் விலங்கிட்டு வைத்துக்கொள்ளலாம். இடையில் மூன்று சந்தை நாட்களில் அவனை வெளியே கொண்டுவந்து, இவ்வளவு பாக்கி என்று ஊரறியச் சொல்ல வேண்டும். யாராவது கட்டி மீட்டுப் போகட்டும் என்பதற்காக. இப்படி ஒப்படைக்கப்பட்டவனுக்கு ‘அடிக்டஸ்’ என்று பெயர். ஆசையோ போதையோ இந்தக் கதையில் இல்லை.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் 16-ஆம் நூற்றாண்டில் போனபோது ‘தன்னை ஒன்றுக்கு ஒப்புக்கொடுத்தல்’ என்றாகியிருந்தது. படிப்புக்கும் இறைப்பணிக்கும்கூட ஒருவர் ‘அடிக்டட்’ ஆக இருக்கலாம், அது குறையல்ல. நம்மூர் ‘அடிமை’யும் இதே பாதையில் போன சொல்தான். சுந்தரரின் திருமணத்தைத் தடுத்த கிழவர் காட்டியது அடிமை ஓலை. திருவெண்ணெய்நல்லூர் அவையில் அது செல்லும் என்று தீர்ப்பானது. பத்திரம், வழக்கு, தீர்ப்பு, கடைசியில் பக்தி. அடியார், அடியேன் எல்லாம் இந்த வழியில் வந்த பெருமைகள். பாதத்தைக் குறிக்கும் ‘அடி’ போதைப் பொருளோடு ஒட்டிக்கொண்டது பின்னால் நடந்தது.

மருத்துவம் இந்தச் சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டது 20-ஆம் நூற்றாண்டில், மார்பின் போன்ற அபின்வகை மருந்துகளை ஒட்டி. பிடித்தபின் வைத்துக்கொள்வதா விடுவதா என்று தெரியாமல் தடுமாறியது. 1957-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு அடிக்‌ஷன் வேறு, வெறும் பழக்கம் வேறு என்று கோடு போட்டது. 1964-இல் இரண்டையும் கைவிட்டு ‘டிபென்டன்ஸ்’, அதாவது சார்பு, என்றது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடும் 1987-இல் அதே வழியில் போனது. அடிக்‌ஷன் என்றால் நோயாளியைக் கேவலப்படுத்துகிறது, சார்பு என்றால் மரியாதையாக இருக்கிறது என்பது ஒரு தரப்பின் வாதம். நல்ல எண்ணம்தான், ஆனால் விளைந்தது குழப்பம்.

ஏனென்றால் மருந்தியலில் ‘சார்பு’ என்பதற்கு முன்பே வேறொரு பொருள் இருந்தது. ஒரு மருந்து சில வாரம் தொடர்ந்து உள்ளே போனால் உடல் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் முறுக்கிக்கொள்ளும். இது உடற்சார்பு. வலிக்காக மார்பின் மாத்திரை எடுக்கும் புற்றுநோயாளிக்கும் வரும். அவர் மருந்தைத் தேடி அலைவதில்லை, அதற்காக வேலையையும் குடும்பத்தையும் தொலைப்பதில்லை. அடிக்‌ஷன் அப்படியல்ல. கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் கை தானாக அங்கே போகும்.

இரண்டும் வேறு என்பதைப் பச்சிளங்குழந்தையைவிடத் தெளிவாகக் காட்டுபவர் இல்லை. அபின்வகைப் பொருள் உட்கொண்ட தாய்க்குப் பிறந்த பிள்ளை, இரண்டொரு நாளில் கீச்சென்று அழும், நடுங்கும், பால் குடிக்காது, தூங்காது. உடற்சார்பு முறிவதன் அறிகுறிகள் இவை. ஆனால் அந்தப் பிள்ளை எதையும் நாடவில்லை, எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. இதைப் ‘போதைக்கு அடிமையான குழந்தை’ என்று தலைப்புப் போடுபவர்களை என்ன சொல்வது! அறையை இருட்டாக்கி, சத்தத்தைக் குறைத்து, துணியில் சுற்றித் தாயின் மார்போடு அணைத்து வைப்பதே செவிலியர் செய்யும் முதல் சிகிச்சை. ‘அடிமை’ என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் முதலில் பறிபோவது தாய்மடிதான்.

அந்த அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013-இல் ‘பொருள் பயன்பாட்டுக் கோளாறு’ என்று பெயரை மாற்றியது. 11 அளவுகோல்கள், ஓராண்டுக்குள் குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் நோய், ஆறும் அதற்கு மேலும் என்றால் கடுமை. மருத்துவர் சொன்னபடி மருந்து எடுப்பவருக்கு வரும் உடற்சார்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் எழுதிவைத்தது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆவது நோய் வகைப்பாடோ இன்னும் ‘சார்பு’ என்றே சொல்கிறது. ஆக, சண்டை முடியவில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. ஜான் கெல்லியும் அவர் சகாவும் ஐந்நூறுக்கு மேற்பட்ட மனநலப் பணியாளர்களிடம் ஒரே நோயாளியைப் பற்றிய குறிப்பைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு அவர் ‘போதைப் பொருளைத் தவறாகப் பயன்படுத்துபவர்’; மீதிப் பேருக்குப் ‘பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர்’. மற்றபடி ஓர் எழுத்துகூட மாறவில்லை. முதல் குறிப்பைப் படித்தவர்களே தவறு அவர்மேல்தான், தண்டனை தகும் என்ற பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். இத்தனைக்கும் படித்தவர்கள் எல்லோரும் சிகிச்சையளிப்பவர்கள்.

இனி நம் வார்டு. அட்மிஷன் போடும்போது வழக்கமாக விழும் கேள்வி: “கெட்ட பழக்கம் ஏதாச்சும் இருக்கா?” பக்கத்தில் மருமகள் நிற்கிறாள். யார் ‘ஆமாம்’ என்பார்? ‘இல்லை’ என்று எழுதிக் குடலிறக்க அறுவை முடிகிறது. இரண்டாம் நாள் காலை கை நடுக்கம், வியர்வை. மூன்றாம் நாள் இரவு போர்வையில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிவிடுகிறார், டிரிப்ஸைப் பிடுங்குகிறார். ‘ஆபரேஷன் ஆனதில் புத்தி பேதலித்துவிட்டது’ என்று வீட்டார் அழுகிறார்கள். அவருக்கு வந்திருப்பது குடி நின்றதால் ஏற்பட்ட சன்னி. கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். சன்னி பெரும்பாலும் 48-இலிருந்து 96 மணிக்குள். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும்.

“கடைசியா எப்போ குடிச்சீங்க, ஒரு நாளைக்கு எவ்வளவு?” என்று தனியாகக் கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும். “ஒரு குவார்ட்டர்தாம்மா” என்பார். அந்தத் ‘தான்’-ஐ நம்பக் கூடாது. 180 மி.லி., அதில் 42.8 விழுக்காடு ஆல்கஹால். எடையில் ஏறக்குறைய 60 கிராம் சுத்தச் சாராயம். பிறகு செவிலியர் செய்வதற்கு முறையான அளவுகோலே இருக்கிறது: பத்து அம்சம், மொத்தம் 67 மதிப்பெண். கையை நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லி நடுக்கம் பார்ப்பது, உள்ளங்கை வியர்வை, குமட்டல், பதற்றம், இல்லாத ஒலி கேட்கிறதா, இன்று என்ன தேதி. இன்னொன்றும் உண்டு: நாள்படக் குடித்தவருக்கு குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டாக வேண்டும். வரிசை மாறினால் மூளை பாதிக்கப்படலாம்.

அறிவுரை அப்புறம். போதையில் இருப்பவனிடம் நியாயம் பேசுவது, நீருக்குள் மூழ்கியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவதற்கு நிகர் என்று 929-ஆம் குறள் சொல்கிறது. இதைவிடச் சுருக்கமான நர்சிங் குறிப்பு எனக்குத் தெரியாது.

மறுபக்கத் தவறும் நடக்கிறது. மார்பின் அடுத்த வேளைக்கு அரை மணி முன்பே நோயாளி கடிகாரத்தைப் பார்த்தால், ‘அடிமையாகிவிட்டார்’ என்று மருந்தைத் தள்ளிப்போடுகிறார்கள். 1989-இல் வைஸ்மனும் ஹாடக்ஸும் இதற்கு ‘போலி அடிக்‌ஷன்’ என்று பெயர் வைத்தார்கள்: இரத்தப் புற்றுநோய் வந்த 17 வயதுப் பையன் மருந்துக்கு நச்சரித்ததற்குக் காரணம், வலிக்குக் கொடுத்த அளவு போதவில்லை என்பதே. பின்னாளில் மருந்து நிறுவனங்கள் இந்தச் சொல்லைத் தங்கள் விற்பனைக்கு வளைத்துக்கொண்டது தனிக் கதை. அதனால் ஒவ்வொரு நச்சரிப்பையும் வலி என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. வலியை முதலில் அளந்து எழுதுங்கள். சந்தேகத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? வள்ளுவர் 921-இல் ‘கட்காதல்’ என்கிறார். கள்மேல் கொண்ட காதல்; வேட்கையைத் தொட்ட அழகான சொல், ஆனால் கேஸ் ஷீட்டுக்கு ஆகாது. ‘பழக்கம்’ மக்கள் சொல். நோயாளியிடம் பேச அதுவே போதும், ‘கெட்ட’ மட்டும் வேண்டாம். குடியைப் பொறுத்தவரை மீள்வோர் குழுக்களிலும் சிகிச்சை மையங்களிலும் புழங்கும் ‘குடிநோய்’, ‘குடிநோயாளி’ என்பவை என் கணக்கில் இதுவரை வந்ததில் சிறந்தவை. யாரும் அகராதிக்காகச் செய்ததல்ல. பட்டவர்கள் வாயில் நின்ற சொல். அதே அச்சில் ‘போதைநோய்’ என்று பொதுவுக்கு எழுதலாம். புகையிலைக்கு மட்டும் அது ஒட்டாது, பீடி பிடிப்பவர் தனக்குப் போதை என்று ஒப்பமாட்டார். அங்கே ‘புகையிலை நோய்’. உடல் பழகிப்போனதை மட்டும் குறிக்க ‘உடற்சார்பு’. மருந்து நின்றதும் வருபவை ‘விடுபடு அறிகுறிகள்’. ‘அடிமை’யை ஆள்மேல் ஒட்டாமல் விட்டுவிடலாம்.

‘மறுபடி விழுந்துட்டார்’ என்பதற்கும் மாற்று தேவை. சர்க்கரை ஏறிய நோயாளியை நாம் விழுந்தவர் என்பதில்லை. ‘நோய் திரும்பியது’ என்று எழுதி, எந்தத் தேதி, என்ன அளவு என்பதைப் பக்கத்தில் குறித்தால் அடுத்த ஷிப்டுக்கு வருபவருக்கு வேலை நடக்கும்.