மெரினா குதிரைகள்: சேணம் கட்டுவதற்கு முன்னால்

மெரினாவில் சவாரிக்கு நிற்கும் குதிரைகளில் பல, நோய் முற்றிய பிறகுதான் எங்களிடம் வருகின்றன. "நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் டாக்டர் ஓடிச்சு" என்பார் குதிரைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. குதிரை வேட்டையாடப்பட்டே வளர்ந்த இனம். வலியை வெளியே காட்டாது. அது கீழே விழுந்து புரளும்போதுதான் நமக்குத் தெரிகிறது என்றால், முந்தைய இரவு முழுவதையும் நோய்க்கு விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று பொருள். அந்த இரவில் டாக்டர் அங்கே இல்லை. தீனி வைப்பவர் இருந்தார். அதனால் இந்தக் கட்டுரை அவருக்குத்தான்.

காலையில் லாயத்துக்குள் போனதும் முதலில் தொட்டியைப் பாருங்கள். இரவு போட்ட புல் மிச்சமிருக்கிறதா? வாளியில் தண்ணீர் குறைந்திருக்கிறதா? சென்னை வெயிலில் வேலை செய்யும் குதிரை நாளொன்றுக்கு 30, 40 லிட்டர் சாதாரணமாகக் குடிக்கும். அடுத்து லத்தி. நல்ல குதிரை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை போடும். ராத்திரி முழுக்க ஒன்றிரண்டு குவியல்தான், அதுவும் சிறுத்துக் காய்ந்து மேலே சளி படிந்திருக்கிறது என்றால் அன்றைக்குச் சேணம் வேண்டாம்.

பிறகு நாடி. தாடை எலும்பின் உள்விளிம்பில் ஓடும் ரத்தக்குழாயை விரல் நுனியால் லேசாக அழுத்தி, 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கலாம். மூச்சு 8 முதல் 16. ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் வெப்பம் 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட். ஆனால் இந்தப் பொதுக் கணக்கைவிட உங்கள் குதிரையின் சொந்தக் கணக்குதான் முக்கியம். எப்போதும் 30 துடிக்கும் குதிரைக்கு ஒரு காலையில் 44 வந்தால், புத்தகப்படி அது சரி, எனக்கு அது சரியில்லை. அதற்காகத்தான் குதிரை நன்றாக இருக்கும் நாட்களிலேயே எண்ணி, ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதச் சொல்கிறேன்.

கடற்கரைக் குதிரைக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது: மண். புல்லையும் கொள்ளையும் மணல் தரையில் கொட்டினால், குதிரை தீனியோடு மண்ணையும் சேர்த்தே தின்கிறது. அது பெருங்குடலில் தேங்கி, அவ்வப்போது கழிச்சல், விட்டுவிட்டு வலி, உடல் மெலிவு என்று மாதக்கணக்கில் இழுக்கும். "பூச்சி மருந்து கொடுத்தும் தேறல" என்று கொண்டுவரப்பட்ட ஒரு பெண் குதிரையின் லத்தியில் ஒரு பிடி எடுத்து, பிளாஸ்டிக் கையுறைக்குள் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஜன்னலில் தொங்கவிட்டோம். கால் மணி நேரத்தில் கையுறையின் விரல்கள் மணலால் புடைத்துவிட்டன. உரிமையாளர் விரல் விரலாக அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எவ்வளவு பேசியிருந்தாலும் அந்த அளவுக்கு அவருக்குப் புரிந்திருக்காது. இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை, லாயத்திலேயே செய்யலாம். ஆனால் மணல் இறங்கவில்லை என்பதற்காக வயிற்றில் மண்ணே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தொட்டியிலோ ரப்பர் விரிப்பிலோ தீனி வையுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

வயிற்று வலி வந்துவிட்டால்? விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், முன்காலால் தரையைக் கீறும், வேர்க்கும், படுத்துப் படுத்து எழும். உடனே தீனியை எடுத்துவிட்டு போன் செய்யுங்கள். மூங்கில் குழாயில் எண்ணெயோ கஷாயமோ புகட்டாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் வயிற்று வலியோடு நிமோனியாவும் சேரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, இரைப்பை வீங்கினால் வெடித்தே போகலாம். அதனால்தான் இது மாட்டு வைத்தியம் மாதிரி நாளைக்குப் பார்த்துக்கொள்ளும் விஷயமல்ல. மெடிக்கலில் வலி ஊசி வாங்கிப் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஓட்டிப்போவது இன்னும் மோசம். வலிதான் மறையும், குடல் முறுக்கு அப்படியே இருக்கும்.

கால்களைத் தினமும் தூக்கிக் குளம்பைச் சுரண்டுங்கள். துர்நாற்றமும் கறுப்புக் கசிவும் இருந்தால் அழுகல். குளம்பு சுட்டு, அதற்கு மேலே நாடி படபடவென்று அடித்து, முன்கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்து நின்றால் அது குளம்பு அழற்சி. கொள்ளு அளவுக்கு மீறிப் போனாலும் வரும். லாடக்காரர் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை வரவேண்டும். டெட்டனஸ் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள், குதிரை அளவுக்கு அந்த நோய்க்கு எளிதில் பலியாகும் கால்நடை வேறில்லை.

சவாரி போகிறவர்களுக்கும் ஒன்று. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான கணக்கு. 300 கிலோ குதிரை என்றால் 60 கிலோ. இரண்டு பேராக ஏறிப் படம் எடுக்க ஆசைப்படுவதற்கு முன் சேணத்தின் ஓரத்தில் புண் இருக்கிறதா, வாயோரம் கிழிந்திருக்கிறதா, நடையில் தலை ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். இருந்தால் ஏறாதீர்கள்; குதிரைக்காரரிடம் சண்டை போடாமல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். குதிரையை நகர்த்த முடியாத நிலை என்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு அழைக்கலாம்.