வடசென்னைக் கல்லூரிகளில் பௌத்தம்: வகுப்பை எங்கிருந்து தொடங்குவது?

"ஆசையே துன்பத்துக்குக் காரணம்" என்று தொடங்கும் பௌத்த வகுப்பு பத்தே நிமிடத்தில் படுத்துவிடும். அந்த வரியைப் பள்ளியிலேயே எழுதி மார்க் வாங்கியாகிவிட்டது. போதாக்குறைக்கு, வியாசர்பாடியிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ வீட்டின் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளையை அது உறுத்தும். "டிகிரி வாங்கணும்னு ஆசைப்படுறதும் தப்பா சார்?" நியாயமான கேள்விதான். புத்தர் சொன்ன எண்வழிப் பாதையில் நன்முயற்சியும் ஒன்று என்பதை அங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர் விடச் சொன்னது வேட்கையை, உழைப்பை அல்ல.

இதைவிட மோசமான சறுக்கல், ஏழ்மைக்கும் சாதி இழிவுக்கும் முற்பிறவி வினையைக் காரணமாகச் சொல்வது. இதைப் பௌத்தம் என்று சொல்லி நடத்துபவர்கள் இன்றும் உண்டு. சம்யுத்த நிகாயம் என்ற பாலி பௌத்த நூல்தொகுப்பில் சீவகர் என்ற துறவி, மனிதர் படும் இன்ப துன்பமெல்லாம் முன்வினையால்தானா என்று கேட்கிறார். புத்தரின் பதில்: பித்தம், கபம், வாதம், மூன்றும் சேர்ந்த கோளாறு, பருவ மாற்றம், கவனக்குறைவு, பிறர் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களால் வலி வரலாம். எட்டில் ஒன்றுதான் வினை. இந்த எட்டையும் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

எங்கள் பரிந்துரை, ஒன்றைச் சார்ந்து மற்றொன்று பிறக்கும் காரண காரியத் தொடரிலிருந்து தொடங்குவது. பாலிச் சொற்களைத் தேடி அலைய வேண்டாம். மணிமேகலை பன்னிரண்டு சார்புகளையும் தமிழில் தருகிறது: பேதைமை (அறியாமை), செய்கை, உணர்வு, அருவுரு (மனமும் உடலும்), வாயில் (புலன்), ஊறு (புலனில் படுவது), நுகர்வு, வேட்கை, பற்று, பவம் (ஆகுதல்), தோற்றம், வினைப்பயன். முதல் நாளே பேதைமையில் ஆரம்பித்தால் தத்துவச் சிக்கலில் மாட்டிக்கொள்வீர்கள். நடுவில் இருக்கும் வாயிலில் நுழையுங்கள். உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம், பஸ் ரூட்டில் கல்லூரிப் பையன்களுக்குத் தலைவனாக வரும் 'ரூட்டு தல' போதும்.

பஸ்ஸில் எதிர் கல்லூரிப் பையன் கானா பாடுகிறான். காது, வாயில். பாட்டு காதில் விழுவது ஊறு. சுருக்கென்று ஏறும் எரிச்சல் நுகர்வு. 'அவன் வாயை மூடணும்' என்பது வேட்கை. 'இது நம்ம ரூட்டு' என்பது பற்று. அந்த நொடியில் பாட்டைக் கேட்டவன் மாணவன் அல்ல, ரூட்டு தலயாகவே ஆகிவிடுகிறான், அது பவம். அப்புறம் கல்லெறி, எஃப்.ஐ.ஆர்., நாளைக்கு அரசு வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பில் தலைவலி. சங்கிலியை எங்கே அறுக்கலாம் என்று கேளுங்கள். "கோபமே வரக் கூடாது" என்று யாராவது சொல்வார்கள். அது நடக்காது, ஊறு இருந்தால் நுகர்வு இருக்கும். நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில்தான் இடைவெளி உண்டு. வகுப்பில் பாதி நேரத்தை இந்த ஓரிடத்துக்கே கொடுக்கலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இது ஒரு கணத்துக்குள் நடப்பதாகப் படிக்கும் முறை. மரபோ பன்னிரண்டையும் முற்பிறவி, இப்பிறவி, மறுபிறவி என மூன்று காலத்துக்கும் பிரிக்கிறது. மணிமேகலையின் முப்பதாம் காதையிலும் அப்படித்தான். மாணவர்கள் பின்னால் நூலைப் புரட்டிப் பார்த்துவிட்டு 'சார் ஏமாத்திட்டார்' என்று நினைக்க விடாதீர்கள்.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் புத்தரை அம்பேத்கர் வழியாகவே அறிந்தவர்கள். 1956 அக்டோபர் 14 நாக்பூர் தீட்சையும் 22 உறுதிமொழிகளும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். துன்பம், அதன் காரணம், நீக்கம், நீக்கும் வழி என்ற நான்கு வாய்மைகள் புத்தரின் மூல போதனைதானா என்றே அம்பேத்கர் ஐயம் எழுப்பியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பழைய பௌத்த மரபான தேரவாதத்தின் விளக்கத்தை ஒரு பக்கம், அவருடையதை மறுபக்கம் வைத்தால் வகுப்பு சூடு பிடிக்கும். அயோத்திதாசர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியதும், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழை நடத்தத் தொடங்கியதும் இதே சென்னையில்தான். இது வெளியூர்ச் சரக்கு அல்ல என்று புரிய அது போதும்.

தியானம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மூச்சைக் கவனிக்கச் சொல்வதே வழக்கம். ஆனால் வீசிங் உள்ளவருக்கு மூச்சில் கவனம் வைத்தாலே பதற்றம் கூடலாம். மணலி, எண்ணூர்ப் புகையில் வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அவர்களுக்குப் பாதம் தரையில் படும் உணர்வோ மெதுநடையோ கொடுக்கலாம். கண்ணை மூடுவது கட்டாயமில்லை. படபடப்பு வந்தால் எழுந்து போகலாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவரிடம், மாத்திரைக்குப் பதில் தியானம் என்ற பேச்சே கூடாது.

நேரமும் முக்கியம். முதல் ஷிப்ட் முடிந்ததும் பலர் பகுதிநேர வேலைக்கு ஓடுவார்கள். ஐம்பது நிமிடத்தில் முடியுங்கள், ஆளுக்கு ஒரு கப் சுண்டல் கொடுங்கள். அமுதசுரபிக் கதையைப் பசித்த வயிற்றுக்குச் சொல்வது அழகல்ல.

சட்டத்தையும் பாருங்கள். முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்லூரியில் சமயப் போதனையை அரசமைப்பின் 28ஆம் பிரிவு தடை செய்கிறது. அங்கே தத்துவமாக, இலக்கியமாக, வரலாறாக நடத்தலாம். சரணம் சொல்ல வைப்பது, விளக்கேற்றி வணங்க வைப்பது கூடாது. அரசு உதவி பெறும் கல்லூரியிலும் வழிபாட்டில் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. "பௌத்தத்துக்கு மாறினா எஸ்.சி. சான்றிதழ் போயிடுமா?" என்று கட்டாயம் கேட்பார்கள். 1990 திருத்தத்துக்குப் பிறகு பௌத்தரானாலும் பட்டியல் சாதித் தகுதி தொடர்கிறது. அதை மட்டும் சொல்லுங்கள்; மாறு என்றோ மாறாதே என்றோ சொல்வது ஆசிரியர் வேலையல்ல.

கடைசி வகுப்பை எழும்பூர் அருங்காட்சியகத்தில் வைக்கலாம். அமராவதிச் சிற்பங்களில் புத்தர் எங்கே என்று தேடச் சொல்லுங்கள். பழைய பலகைகளில் உருவம் இருக்காது. காலி இருக்கை, பாதச் சுவடு, போதி மரம், சக்கரம்தான். மாணவர்களே கண்டுபிடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். பிறகு நாகப்பட்டினத்துச் செப்புப் படிமங்களுக்கு அழைத்துப் போங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, வேறு நாள் பாருங்கள்.