சர்க்காடியன் என்றால் 24 மணிநேரம் அல்ல

எலிகளின் உடல் கடிகாரம் பற்றிய செய்திகளில் 'சர்க்காடியன் ரிதம்' (உறக்கம், விழிப்பு போன்றவற்றை உடல் தானாகவே ஓட்டும் சுற்று) என்பதற்கு '24 மணிநேரச் சுழற்சி' என்றே எழுதிவிடுகிறார்கள். அடுத்த வரியில், மரபணு பழுதான எலியின் 24 மணிநேரச் சுழற்சி 28 மணிநேரமாக நீண்டதாம்! எழுதியவர் ஒருமுறை திருப்பிப் படித்திருக்கலாம்.

சொல் பிறந்தது 1959இல். உருவாக்கியவர் உயிரியலாளர் ஃபிரான்ஸ் ஹால்பெர்க். லத்தீனில் 'சிர்க்கா' ஏறத்தாழ, 'தியெஸ்' நாள். அந்த 'ஏறத்தாழ'வைத்தான் தமிழில் முதலில் கழற்றி எறிகிறோம்.

முழு இருட்டில் வைத்த சாதாரண ஆய்வக எலி, நாளுக்கு நாள் சில நிமிடங்கள் முன்னதாகவே சக்கரத்தில் ஏறி ஓடத் தொடங்கும். அதன் சுற்று 24 மணிக்குச் சற்றே குறைவு. 1994இல் உயிரியலாளர் ஜோசப் தகஹாஷியின் குழு அறிவித்த 'கிளாக்' என்ற மரபணுவின் பிறழ்வைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற எலிக்கோ ஒரு சுற்று 27, 28 மணிநேரம். இருட்டு நீடித்தால் அதுவும் சிதைந்து, கண்ட நேரத்தில் ஓடும்.

'பகலிரவுச் சுழற்சி' என்ற மொழிபெயர்ப்பு இன்னும் மோசம். பன்னிரண்டு மணிநேரம் விளக்கு, பன்னிரண்டு மணிநேரம் இருட்டு என்று வைத்தால் அதே பிறழ்வு எலி சமர்த்தாக அதற்கு இசைந்து ஓடுகிறது. வெளிச்சத்தை நிறுத்தினால்தான் பழுது தெரிகிறது. பகலும் இரவும் இல்லாத கூண்டில் அளப்பதற்குப் பகலிரவு என்று பெயர் சூட்டினால் சோதனை எதற்கு? 'நாளொழுங்கு' என்ற மொழிபெயர்ப்பு காதுக்கு இனிதுதான். ஆனால் விடுதிச் சுவரில் ஒட்டிய நேர அட்டவணைதான் நினைவுக்கு வருகிறது. ஒழுங்கு வெளியிலிருந்து விதிப்பது, இது உள்ளிருந்து எழுவது. தூய தமிழ் என்பதற்காகப் பிழையான தமிழை ஏற்க வேண்டியதில்லை.

நான் 'நாளொத்த சுழற்சி' என்பேன். மதியொத்த முகம் என்றால் முகம் மதியாகிவிடாது. '28 மணிநேர நாளொத்த சுழற்சி' என்று எழுதினாலும் முரண் இல்லை.

கூடவே இன்னொன்று: இந்த எலிகளின் பிறழ்வை 'மரபணு மாற்றம்' என்று எழுதினால் வாசகர் ஆய்வகத்தில் வேற்று மரபணு புகுத்திய பி.டி. பருத்தியை நினைக்கிறார். பாடநூல்களில் 'சடுதிமாற்றம்' இருக்கிறது, இலங்கையில் 'விகாரம்' என்பார்கள். இரண்டில் எதையாவது எழுதுங்கள்.